போரைத் தள்ளிவிட்டு வாழ்வை மட்டும் படிக்கலாமா?

கடைசி பெஞ்ச்:
டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ நாவலை மூன்றாவது முறையாக எடுத்திருக்கிறேன், டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில். முந்தைய இரண்டு முறையும் ஆஸ்டர்லிட்ஸ் போர் வருவதற்குள் மூடி வைத்தாயிற்று. இந்தத் தடவை நடாஷா, பியர், ஆந்த்ரேய் வீட்டுக் கதைகளை மட்டும் படிப்பது, போரையும் வரலாற்றுத் தத்துவத்தையும் புரட்டிவிடுவது என்று முடிவு. 361 அத்தியாயத்தையும் முடித்து யாரிடம் பதக்கம் வாங்கப்போகிறேன்?

மழைவாசகி:
அப்படிப் படித்தால் ஆந்த்ரேயே கையில் கிடைக்கமாட்டார். அடிபட்டு மல்லாந்து கிடந்து அவர் வானத்தைப் பார்ப்பது ஆஸ்டர்லிட்ஸ் களத்தில்தானே? அதுவரை கொண்டாடிய நெப்போலியன் பக்கத்தில் வந்து நிற்கும்போது அந்த வானத்தின் முன்னால் சின்ன ஆளாகத் தெரிகிறான். இதைப் புரட்டிவிட்டு, அப்புறம் ஆள் ஏன் இப்படி ஒடுங்கிப்போனார் என்று கேட்பீர்கள். பொரோதினோ போரில் பியர் பச்சைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாக, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி பீரங்கி மேட்டில் போய் நிற்கிறாரே! முதலில் முறைக்கிற சிப்பாய்கள் கொஞ்ச நேரத்தில் ‘நம்ம எஜமான்’ என்று சேர்த்துக்கொள்கிறார்கள். இதையுமா விடுவீர்கள்?

திண்ணை:
எனக்குப் போர் பிரச்சினையில்லை, பெயர்கள்தான். பியரும் பியோத்தர் கிரீலவிச்சும் ஒரே ஆள் என்று தெரியவே பல நாள் ஆயிற்று. உள்ளட்டையில் வம்சாவளி வரைந்து வைத்திருக்கிறேன்.

கடைசி பெஞ்ச்:
சரி மழைவாசகி, ஆள் நடமாடுகிற போர் அத்தியாயங்களைப் படித்துவிடுகிறேன். ஆசிரியர் பாடம் எடுக்கிற அத்தியாயங்களை என்ன செய்வது? தளபதிகள் எதையும் தீர்மானிப்பதில்லை என்பதை எத்தனை தடவைதான் கேட்பது? டால்ஸ்டாயே 1873 பதிப்பில் அந்தப் பகுதிகளைக் கதையிலிருந்து பிரித்துப் பின்னிணைப்பாக்கினார். பிரெஞ்சு உரையாடலையும் ரஷ்ய மொழிக்கு மாற்றினார். அவரே ஒதுக்கியதை நான் ஒதுக்கினால் மட்டும் குற்றமா?

மழைவாசகி:
நல்ல அடி. ஆனால் 1886 பதிப்பில் அதெல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. அந்த வாதம் இல்லாவிட்டால், போர்க்கால ஆலோசனைக் கூட்டத்தில் ரஷ்யத் தளபதி குத்தூஸவ் தூங்கி வழிவது வெறும் கிழவர் தூக்கம். படித்தவர்களுக்கு அது ஒரு பதில்.

கடைசி பெஞ்ச்:
இரண்டாம் பின்னுரை? 12 அத்தியாயம், ஒரு பாத்திரம்கூடக் கிடையாது. அதையும் வரி விடாமல் படித்தீர்களாக்கும்?

மழைவாசகி:
முதல் தடவை இல்லை. பியர் குடும்பத்தோடு முதல் பின்னுரை முடிந்ததும் மூடிவிட்டேன். இதைத் திண்ணை பார்த்திருக்கக் கூடாது.

திண்ணை:
பார்த்துவிட்டேன்.