ஓடோமீட்டர்ல 382, அதுக்குள்ள சைலன்சர் மாத்தலாமா?

ஒட்டன்சத்திரம் 350
வணக்கம் அண்ணே. வண்டி எடுத்து எட்டு நாள் ஆகுது. 350 சிசி, ஒத்த சிலிண்டர் பைக். கம்பெனி பேரச் சொன்னா இங்க சண்டை ஆரம்பிச்சிரும், விட்டுர்றேன். தினமும் திண்டுக்கல்லுக்கு வேலைக்குப் போய் வர்றேன். மொத சர்வீஸ் 500 கிலோமீட்டர் இல்ல 45 நாள், எது முன்னாடி வருதோ அதுன்னு புக்ல போட்டிருக்கு.

ராத்திரி ஒன்பதரைக்கு மேலதான் திரும்புறேன். காய்கறி லாரி எதிர்ல ஹை பீம் போட்டு வந்தா ரோட்டு ஓரமே தெரியல. அதனால ஃபாக் லைட் ஒரு ஜோடி போடணும். கூடவே கிராஷ் கார்டு, கொஞ்சம் கனமா சத்தம் வர்ற சைலன்சர். சேலை கார்டைக் கழட்டணும், பசங்க "மாமா வண்டி"ங்கிறானுங்க. ஆக்சசரி கடைக்காரர் எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சித் தர்றேங்கிறாரு. ஷோரூம்ல கேட்டா "எதத் தொட்டாலும் வாரண்டி போச்சு"ங்கிறாங்க. எது நிஜம்? வர்ற ஞாயித்துக்கெழம பழனி வழியா கொடைக்கானல் போற பிளானும் இருக்கு, டபுள்ஸ்.

பொள்ளாச்சி பட்டறை
ரெண்டு பேரு சொல்றதும் பாதிதானுங்க தம்பி. நான் பதினோரு வருஷம் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல இருந்துட்டு இப்ப சொந்தப் பட்டறை வெச்சிருக்கேன். வாரண்டி கேஸ் வந்தா மொத வேலை போட்டோ. ஓடோமீட்டர், சேசிஸ் நம்பர், கெட்டுப்போன பார்ட், அதச் சுத்தி இருக்கறது எல்லாம். கிராஷ் கார்டு போட்டதுக்காக ஃபோர்க் ஆயில் லீக்கை யாரும் தட்டிக் கழிச்சு நான் பாத்ததில்லை. ஆனா டேங்க்கைத் தூக்கறப்ப ஹெட்லைட் வயரை நடுவுல உரிச்சு, முறுக்கி, கருப்பு டேப் சுத்தி, அந்த டேப் சூட்டுல இளகிக் கையில பிசுபிசுன்னு ஒட்டுச்சுன்னா முடிஞ்சுது. அப்புறம் மீட்டர் அணைஞ்சாலும் சரி, செல்ஃப் எடுக்கலைன்னாலும் சரி, அந்த ஜாயிண்ட்டைத்தான் கை காட்டுவாங்க. நானே காட்டியிருக்கேன்.

அதனால லைட்டுக்கு ரிலே (சின்னக் கரண்ட்டுல பெரிய கரண்ட்டை ஆன் பண்ற ஸ்விட்ச்) வெச்ச தனி வயரிங் செட் வாங்குங்க. பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஃபியூஸ், ஃபியூஸ்ல இருந்து ரிலேவோட 30-ம் நம்பர் பின், 87-ல இருந்து லைட்டு. 86-க்கு ஸ்விட்ச், 85 எர்த்து. லைட்டு ரெண்டும் சேந்து 40 வாட்ஸ்னா மூணே கால் ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும், 10 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். கம்பெனி வயர்ல கத்தி படவே கூடாது. பில்லை வாங்கி வெச்சுக்குங்க. லைட்டைக் குனிச்சு வைங்க, இல்லைன்னா அந்த லாரிக்காரன் உங்களைத் திட்டுவான்.

சைலன்சர் வேற கதை. பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டியில, இன்ஜின்ல இருந்து சைலன்சருக்குப் போற பெண்ட் பைப்புல ஆக்சிஜன் சென்சார் இருக்கு. நிதானமா ஓட்டறப்ப அதைப் பாத்து ஈசியூங்கற இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கினா சென்சாரை விட்டுட்டு உள்ள எழுதி வெச்ச கணக்குல போகும். அந்தக் கணக்கு பழைய சைலன்சருக்குப் போட்டது. காத்து சுலபமா வெளிய போனா கலவை மெலிஞ்சு இன்ஜின் சூடாகும். சட்டமும் இருக்கு: மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி இப்படி ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்.

சேலை கார்டு விதியிலயே இருக்கற சமாச்சாரம், பின் சக்கரத்துல பாதிக்குக் குறையாம மூடியிருக்கணும். உங்க வீட்டுல சேலை கட்டி யாரும் உக்கார மாட்டாங்களா?

கொடைக்கானலைத் தள்ளிப் போடுங்க. புது சிலிண்டர் சுவத்துல குறுக்கும் மறுக்குமா மெல்லிசா கோடு இருக்கும். பிஸ்டன் ரிங்கு அதுல உரசி உரசித்தான் உக்காரணும். டபுள்ஸ்ல மலையேறினா ரெண்டாவது கியர்லயே முக்கிக்கிட்டுப் போவீங்க, சூடு ஏறும். அதுக்காக 40-லயே உருட்டவும் வேண்டாம். வேகத்தை மாத்தி மாத்தி ஓட்டுங்க.

சவுண்டு சரவணன்
சர்வீசுக்கு விடறப்ப பழைய சைலன்சர மாட்டிட்டுப் போ ப்ரோ. யாரு கண்டுபிடிக்கப் போறா.

பொள்ளாச்சி பட்டறை
போல்ட்டுல ஸ்பேனர் பட்ட தழும்பு ஒண்ணு போதும். பெண்ட் பைப்போட கழட்டினா ஹெட்டுகிட்ட இருக்கற கேஸ்கெட் ஏற்கனவே நசுங்கியிருக்கும், அதையே திருப்பிப் போட்டா பட்பட்டுன்னு வெடிக்கும். ஒவ்வொரு தடவையும் புதுசு வாங்குவீங்களா?

தஞ்சை டீச்சர்
ஷோரூம்காரங்க சொல்றதை அப்படியே நம்பாதீங்க தம்பி. என் 150 சிசி வண்டிக்கு டெலிவரி அன்னைக்கே ஒரு கடையில திருட்டு அலாரம் போட்டேன். ஷோரூம் ஆளே காட்டி விட்ட கடை. மூணாம் மாசம் கோடை லீவுல ரெண்டு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தா செல்ஃப் "டிக்"னு ஒரு சத்தத்தோட சரி. பேட்டரி வாரண்டி கேட்டா, அதே ஆள் அலாரம் வயரைத் தூக்கிக் காட்டுறார்!

வீட்டுக்காரர் மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தார். வண்டி சும்மா நிக்கும்போதே 25 மில்லி ஆம்பியர் இழுக்குது. ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர் ஹவர், என் பேட்டரியே 5 தான். எட்டு நாள்ல காலி. நான் கணக்கு டீச்சர், இதை முன்னாடியே போட்டுப் பார்த்திருக்கணும். எதைப் போட்டாலும் சாவியை அணைச்ச பிறகு எவ்வளவு இழுக்குதுன்னு அளந்து காட்டச் சொல்லுங்க.

ஒட்டன்சத்திரம் 350
எல்லாருக்கும் நன்றி. 496-ல சர்வீஸ் விட்டேன். பக்கத்துல நின்னு பாத்தேன். வடிச்ச ஆயிலை டார்ச் அடிச்சுக் காட்டுனாங்க, ஜிகினா கலந்த மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு. புது இன்ஜின்னா மொத ஆயில் இப்படித்தான் வரும்னாங்க. செயினும் இறுக்கிக் குடுத்தாங்க.

கிராஷ் கார்டு கம்பெனிதே போட்டாச்சு. லைட்டு ரிலேவோட, ஒரு வயரும் வெட்டல. கடைக்காரருக்கு அதுல கொஞ்சம் கோவம், "பத்து நிமிஷ வேலைய ரெண்டு மணி நேரம் ஆக்குறீங்களே"ன்னாரு. சாவி ஆஃப்ல மீட்டர் வெக்கச் சொன்னதும் மொறைச்சாரு, ஆனா வெச்சாரு.

சேலை கார்டு அப்படியே இருக்கு. நேத்து அம்மா பழனிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி ஒரு பக்கமா உக்காந்துட்டாங்க, அதுக்கு மேல என்ன பேச. சைலன்சர் காசுல மழைக்கோட்டு வாங்கிட்டேன்.

பொள்ளாச்சி அண்ணே, 700-ஐத் தாண்டிருச்சு. தனியா போனா கொடைக்கானல் ஏத்தலாமா?