குவாரண்டைன், ஐசொலேஷன்: இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

திருவாரூர், மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், ஊராட்சித் தன்னார்வலர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நோய் கண்டவரைப் பிரித்து வைப்பது ஐசொலேஷன். தொற்றியிருக்குமோ என்று ஐயப்படுபவரை, நோய் வெளிப்படும் காலம் கழியும்வரை தனியே இருக்கச் செய்வது குவாரண்டைன். இரண்டுக்கும் ‘தனிமைப்படுத்தல்’ என்றே 2020-இல் எழுதிவந்தார்கள். சொல் ஒன்றானால் இருவரையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படுக்க வைப்பார்கள், தொற்றாதவருக்கும் தொற்றும். குவாரண்டைனுக்குத் தனியாக ஒரு தமிழ்ச் சொல் சொல்லுங்கள்.

கும்பகோணம், தமிழாசிரியர்:
குவாரண்டைனின் மூலச்சொல் வெனிசியருடையது, நாற்பது நாள் என்று பொருள். நம் வைத்தியத்தில் அதற்கு நிகர் ‘மண்டலம்’. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் ஊரெல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது என்ற வழக்கமும் இருக்கிறது. ஆகவே ‘மண்டலக்காப்பு’.

நாகப்பட்டினம், வழக்கறிஞர்:
ஐயா, கோவிடுக்குச் சொன்னது 14 நாள். மண்டலம் என்று எழுதினால் 48 நாள் பூட்டி வைக்க நாமே இடம் கொடுத்ததாகும். மனித உரிமைகளை அரசு எப்போது கட்டுப்படுத்தலாம் என்று பன்னாட்டுச் சட்ட வல்லுநர்கள் வகுத்த 1984-ஆம் ஆண்டின் சிராகூசா நெறிகளைப் பாருங்கள்: கட்டுப்பாட்டுக்குச் சட்ட ஆதாரம் வேண்டும், கட்டாயம் தேவைப்பட வேண்டும், உள்ள வழிகளில் உரிமையை மிகக் குறைவாகத் தொடுவதாக இருக்க வேண்டும், பாகுபாடு கூடாது. 1897 கொள்ளைநோய்ச் சட்டத்தில் இந்த அளவுகோல்கள் இல்லை. ‘தடுப்புக்காவல்’ என்று யாரும் முன்மொழிய வேண்டாம், அது சிறை.

தஞ்சாவூர், மொழியியல் ஆய்வாளர்:
‘ஒதுங்கு’ தன்வினை, ‘ஒதுக்கு’ பிறவினை. தானாக வீட்டிலிருப்பது ‘தொற்றொதுங்கல்’. ஆணையால் வைக்கப்படுவது ‘தொற்றொதுக்கல்’. பின்னதற்கு எழுத்தில் காரணம், முடியும் நாள், முறையீட்டு வழி மூன்றும் தரவேண்டும். ஓர் எழுத்து மாறினாலே யார் பொறுப்பு என்பது தெரிந்துவிடுகிறது.

மயிலாடுதுறை, சுகாதாரச் செவிலியர்:
ஊரைவிட்டு ஒதுக்கி வைப்பதற்கு இங்கே வேறு பொருள் உண்டு ஐயா. காலனித் தெருவில் அந்தச் சொல்லோடு போனால் கதவு திறக்காது, காய்ச்சலையும் மறைப்பார்கள். குறுவை நடவு நேரத்தில் வீட்டில் இருக்கச் சொன்னால் அன்றாடக் கூலி போகிறது. அரிசி, பருப்பு, மாத்திரை வாசலுக்கு வரவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நலவாழ்வு விதிமுறைகளின் 32-ஆம் விதி தடுத்து வைக்கப்படும் பயணிக்கு உணவு, தண்ணீர், தங்குமிடம், சிகிச்சை தரச் சொல்கிறது. உள்ளூர்க்காரருக்கும் அதைக் கையேட்டில் சேருங்கள். சொல், ‘கண்காணிப்புத் தங்கல்’ போதும்.

கும்பகோணம், தமிழாசிரியர்:
பெயரா விளக்கமா அது? ‘தங்கல்காப்பு’ என்றாவது வையுங்கள்.

திருவாரூர், மொழிபெயர்ப்பாளர்:
குழுவினரின் வாக்கு: நால்வர் ‘கண்காணிப்புத் தங்கல்’, இருவர் ‘தொற்றொதுங்கல்’, ஒருவர் ‘தங்கல்காப்பு’. ஐசொலேஷனுக்கு ‘நோயாளர் தனிமை’. இப்படியே அனுப்புகிறேன்.

தஞ்சாவூர், மொழியியல் ஆய்வாளர்:
அடுத்த இயலில் ‘நோய்க் கண்காணிப்பு’ என்பது செயலியில் ஆளைப் பின்தொடர்வதையும் குறிக்கிறது. தங்கியிருக்க ஒப்புபவர் அதற்கும் ஒப்பியதாகப் படித்துவிடுவார்கள். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.