விற்கிற கருவிக்குள் ஜிபிஎல் லைப்ரரி, என்ன செய்வது?

கேள்வி:
நாங்கள் ஒரு கட்டளைவரிக் கருவியை வாடிக்கையாளர்களுக்கு விற்கிறோம், மூலநிரலைக் கொடுப்பதில்லை. நேற்று மேக்ஃபைலைப் (நிரலைத் தொகுக்கும் கட்டளைகள் உள்ள கோப்பு) புரட்டியபோது லிங்க் வரியில் ரீட்லைன் என்ற லைப்ரரி இருந்தது, 8-ஆம் பதிப்பு. அதன் உரிமம் ஜிபிஎல், அதாவது சேர்த்து விநியோகித்தால் மொத்த மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்கச் சொல்வது. மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை வருகிறதே, அந்த ஒரு வசதிக்காக யாரோ சேர்த்திருக்கிறார்கள். மேலாளர் "டைனமிக் லிங்க்தானே (ஓடும்போதுதானே லைப்ரரி இணைகிறது), விடு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மொத்த நிரலையும் வெளியிட வேண்டி வருமா?

பதில்:
டைனமிக் லிங்க் சலுகை, ஜிபிஎல்லின் தளர்வான வடிவமான எல்ஜிபிஎல்லுக்கு உரியது. ரீட்லைனை வேண்டுமென்றேதான் ஜிபிஎல்லில் வைத்திருக்கிறார்கள். இதே ரீட்லைனால்தான் 1992-இல் சிலிஸ்ப் என்ற லிஸ்ப் மொழி மென்பொருள் ஜிபிஎல்லுக்கு மாறியது. எப்படி லிங்க் செய்தாலும் ஜிபிஎல் பொருந்தும் என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலை. வழக்கறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் அதை நம்பி விற்பது சரியில்லை. எழுதியவர் போட்ட நிபந்தனை அது, மதிக்க வேண்டும். உங்கள் நிரலை யாரும் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை, மீறினால் அது பதிப்புரிமை மீறல், விநியோகத்தை நிறுத்தச் சொல்லலாம், இழப்பீடு கேட்கலாம். ரீட்லைன் 6.0 முதல் ஜிபிஎல் 3 என்பதால் ஒரு வழியும் இருக்கிறது: மீறலை நிறுத்திய பிறகு 60 நாளுக்குள் உரிமையாளர் அறிவிப்பு அனுப்பாவிட்டால் உரிமம் உங்களுக்கு நிரந்தரமாகத் திரும்பக் கிடைத்துவிடும். ஜிபிஎல் 2-இல் இது கிடையாது.

லிப்எடிட் என்ற லைப்ரரிக்கு மாறுங்கள், மூலநிரலைக் கொடுக்கச் சொல்லாத பிஎஸ்டி உரிமம், நிரலில் ரீட்லைன் மாதிரியே அழைக்கலாம்.

இன்னொரு பதில்:
மேலே சொன்னது சரி, ஆனால் பிஎஸ்டி என்றால் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், பதிப்புரிமை வரியும் உரிம வாசகமும் உங்கள் தொகுப்போடு போக வேண்டும். இதை விடுபவர்கள்தான் அதிகம். அப்புறம், பொதிப் பட்டியல் (நீங்கள் சேர்த்திருக்கும் பிறர் நிரல்களின் பட்டியல்) முழுவதையும் ஒருமுறை பாருங்கள், இப்படி ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும். உரிமமே போடாத நிரல் கண்ணில் பட்டால் அது இலவசம் இல்லை, எல்லா உரிமையும் எழுதியவருக்கே.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. லிப்எடிட் போட்டேன், ஹெடரும் லிங்க் வரியும் மட்டும்தான் மாறின. பழைய ஹிஸ்டரி கோப்பை மட்டும் படிக்க மறுத்தது, முதல் வரியில் தன் அடையாளத்தை எதிர்பார்க்கிறது போல, அதற்கு ஒரு சின்ன மாற்றி எழுதினேன். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் இந்தப் பதிப்பை அனுப்ப மேலாளர் ஒத்துக்கொண்டுவிட்டார். பொதிப் பட்டியலில் 40 பார்த்தாயிற்று, உரிமமே இல்லாதது ஒன்று சிக்கியது, எழுதியவருக்கு இன்று கடிதம் போட்டிருக்கிறேன்.