கிரெட்டா டீசலா, கிராண்ட் விட்டாரா ஹைபிரிடா? அப்பாவின் வீல்சேரோடு ஷோரூம் ஏறிய அனுபவம்

சேலம்

ஏழு வாரமாக எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே இதுதான். ஹூண்டாய் கிரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக் வாங்குவதா, மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி) வாங்குவதா? இன்னும் முடிவாகவில்லை. பார்த்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன். இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. வீட்டுக்குள் தடியை ஊன்றி நாலு அடி நடப்பார், வெளியே போனால் வீல்சேர்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேலூருக்குச் சிகிச்சைக்குப் போகிறோம். முன் சீட்டில் அப்பா, பின்னால் மனைவி, பத்து வயது மகள், சைல்டு சீட்டில் மூன்று வயது மகன். இப்போதிருக்கும் பழைய ஹேட்ச்பேக்கில் டிக்கி போதாமல் வீல்சேரை மேலே கேரியரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போகிறோம். போன ஐப்பசியில் தொப்பூர் கணவாயில் கொட்டிய மழையில் தார்ப்பாய் அவிழ்ந்துவிட்டது. லாரிகளுக்கு நடுவே ஓரங்கட்டி நனைந்துகொண்டே திரும்பக் கட்டினேன். அப்பா கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வண்டி வாங்கியே ஆகணும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

காகிதத்தில் இரண்டு வண்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கிரெட்டா 4,330 மில்லிமீட்டர் நீளம், விட்டாரா 4,345. வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி, 2,610, 2,600. மைலேஜில் ஹைபிரிட் எங்கேயோ நிற்கிறது. கம்பெனி சொல்வது லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், கிரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக்குக்கு 19.1. இதை மட்டும் பார்த்து மனதுக்குள் ஹைபிரிடை முடிவே செய்துவிட்டேன்.

மனைவிதான் வீல்சேரையும் எடுத்துக்கொண்டு போவோம் என்றாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அந்த ஒரு நாள் இல்லையென்றால் தப்பான வண்டியை வாங்கியிருப்பேன். ஸ்ட்ராங் ஹைபிரிடில் பேட்டரி டிக்கியின் தரைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் தரை மேலே வந்துவிடுகிறது, கொள்ளளவு 265 லிட்டர்தான். அதே விட்டாராவில் மைல்டு ஹைபிரிட் (மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்க மட்டும் செய்யும் வகை) எடுத்தால் 373. கிரெட்டாவில் 433. கால்தாங்கிகளைக் கழற்றி, மடித்துப் படுக்கவைத்தால் ஹைபிரிடில் வீல்சேர் போய்விடுகிறது. அதன்மேல் ஒரு துணிப்பை வைத்தால் கதவு சாத்தவில்லை. பின்சீட் 60:40 ஆகப் பிரிந்து மடியும், உண்மைதான். ஆனால் அதை மடித்தால் பிள்ளைகளில் ஒருவருக்கு இடம் இல்லை. கிரெட்டாவில் வீல்சேர், வாக்கர், இரண்டு பை, பையனின் டயப்பர் மூட்டை எல்லாம் உள்ளே போயும் கதவு மூடியது.

அப்பா ஏறி இறங்குவதையும் பார்த்தோம். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, இடது கையால் கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்து, முதலில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் காலை உள்ளே திருப்புவார். நிலத்திலிருந்து விட்டாராவின் உயரம் 210 மில்லிமீட்டர், கிரெட்டா 190. இருபது மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அப்பாவுக்கு இருந்தது. விட்டாராவில் உட்காரக் கொஞ்சம் எம்ப வேண்டியிருந்தது, கிரெட்டாவில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். வண்டிகளைப் பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை, "இது". கிரெட்டாவின் கைப்பிடியைப் பிடித்தபடி சொன்னார்.

அப்படியும் அந்த மைலேஜ் கணக்கு என்னை விடவில்லை. தினமும் ஆபீசுக்குப் போக வர பதினாறு கிலோமீட்டர், அத்தனையும் ஊருக்குள். மாதத்துக்கு எப்படிப் பார்த்தாலும் 750 கிலோமீட்டர் ஓடும். ஹைபிரிட் லிட்டருக்கு 22 கொடுத்தால் மாதச் செலவு சுமார் 3,400 ரூபாய். டீசல் 15 கொடுத்தால் 4,600. என்ன செய்யலாம்?

போரூர், சென்னை

ஐயா, நான் ஸ்ட்ராங் ஹைபிரிடை இரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். போரூரிலிருந்து ஓஎம்ஆர் வரை தினமும். கிண்டி, வேளச்சேரி நெரிசலில் பாதி நேரம் எஞ்சினே ஓடாது. மோட்டாரிலேயே சத்தமில்லாமல் ஊர்ந்து போகும். சிக்னலில் நிற்கும்போது ஏசி ஓடிக்கொண்டிருக்கும், எஞ்சின் அணைந்திருக்கும். மே மாத வெயிலில் அந்த அமைதி உடம்புக்கு எவ்வளவு இதம் என்பது ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். எனக்கு ஊருக்குள் 23, 24 வருகிறது. ஹைவேயில் 110-இல் போனால் 19-க்கு இறங்கிவிடும். ஊருக்குள் அதிகமாகவும் வெளியூரில் குறைவாகவும் கொடுக்கும் வண்டி இது. வழக்கமான வண்டிகளுக்கு நேர் எதிர். ஹைபிரிட் பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி இருக்கிறது, அதனால் அந்தப் பயம் வேண்டாம்.

ஆனால் எங்கள் வீட்டில் மூன்றே பேர், டிக்கியில் காய்கறிப் பைதான் போகும். உங்கள் வீல்சேரைப் படித்தபிறகு ஹைபிரிட் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மேலே கட்டிக்கொண்டு போவதை நிறுத்தத்தானே வண்டி மாற்றுகிறீர்கள்?

பொள்ளாச்சி

வணக்கங்க. தங்கச்சியைக் கட்டிக் கொடுத்திருப்பது வால்பாறையில். ஆழியாறிலிருந்து ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. மாதம் ஒருதரமாவது ஏறி இறங்குகிறேன். என்னிடம் இருப்பது டீசல் ஆட்டோமேட்டிக், மச்சானிடம் ஹைபிரிட். இரண்டையும் அதே மலையில் ஓட்டியிருக்கிறேன்.

டீசலில் 250 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை) எஞ்சின் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போதே வந்துவிடுகிறது. வளைவில் வேகம் செத்துப்போய்த் திரும்ப எடுக்கும்போது காலை அழுத்தவே வேண்டாம், தானாக ஏறும். ஹைபிரிடும் ஏறாமல் நிற்கப்போவதில்லைங்க. ஆனால் அந்தப் பேட்டரி 0.76 கிலோவாட் மணிதான். தொடர்ந்து ஏறினால் அது தீர்ந்துகொண்டே வரும், மூன்று சிலிண்டர் எஞ்சின் தலையில் பாரம் விழும், சத்தமும் கூடும். இறங்கும்போது இதற்கு நேர்மாறு. பேட்டரி சீக்கிரமே நிறைந்துவிடும். அதற்குமேல் மின்சாரத்தை வைக்க இடம் இல்லாததால், வண்டியைப் பிடித்து நிறுத்த எஞ்சினைச் சுழற்றும். முதல் தடவை கேட்டபோது ஏதோ கோளாறு என்று மச்சான் பயந்துவிட்டார். கோளாறு இல்லை, அந்த அமைப்பே அப்படித்தான். இறங்கும்போது ஹைபிரிடில் கியரை B-யில் (பார்க்கிங் P அல்ல, எஞ்சின் பிரேக்குக்கான B) போட்டுவிட்டால் பிரேக்குக்கு வேலை குறையும்.

நீங்கள் சேலத்தில் இருக்கிறீர்கள், ஏற்காடு மலை வாசல்படியில் இருக்கிறது. ஷோரூமைச் சுற்றிக் கால் மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது டெஸ்ட் டிரைவே இல்லைங்க. குடும்பம் மொத்தத்தையும் ஏற்றி, வீல்சேரையும் போட்டு, அடிவாரத்திலிருந்து ஐந்தாறு வளைவு ஏற்றிப் பாருங்கள். முன்கூட்டிக் கேட்டால் அனுப்புவார்கள். நான் அப்படித்தான் கேட்டேன். நீங்கள் வாங்கப்போகும் அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ் உள்ள வண்டிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி

அண்ணா, மேலே எழுதினவங்க மலையைச் சொன்னாங்க. நான் தினப்படி ஓட்டத்தைச் சொல்றேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கார், எங்க வீட்டில் வண்டி ஓட்டுறது நான்தான். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்து பிள்ளைங்க பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். திரும்பி வந்தா நாலு. அவ்வளவுதான் ஓட்டம். இழுவை நல்லா இருக்கும்னு எல்லாரும் சொன்னதால் டீசல் எஸ்யூவி வாங்கினோம். எந்தக் கம்பெனின்னு சொல்ல வேண்டாம், இந்த விஷயத்தில் பிஎஸ்-6 (இப்போதைய புகை விதி) டீசல் எல்லாம் ஒண்ணுதான்.

ஆறாவது மாசம் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிஞ்சது. டிபிஎஃப் அடைச்சுக்கிட்டது. புகையில் வர்ற கரியைப் பிடிச்சு வைக்கிற வடிகட்டி அது. அந்தக் கரி எரிஞ்சு போகணும்னா சைலன்சர் நல்லா சூடேறணும். அதுக்கு வண்டி ஒரே வேகத்தில் இருபது நிமிஷமாவது ஓடணும். நாலு கிலோமீட்டரில் எஞ்சினே முழுசாச் சூடாகிறதில்லை. வாங்கும்போது இதை எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலை, என் ஆத்திரமே அதுதான். இப்போ ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலுவழிச் சாலையில் கயத்தாறு வரை சும்மா ஓட்டிட்டு வர்றேன். போக வர அறுபது கிலோமீட்டருக்குக் கிட்ட, டீசல் என் காசு. உங்க ஆபீஸ் போகும்போது எட்டு, வரும்போது எட்டு. கேரியரில் கட்டுற கஷ்டம் போய் இந்தக் கஷ்டம் வரக்கூடாது.

இன்னொண்ணு, சின்னப் பையன் இருக்கான். அவனோட சைல்டு சீட்டையும் கொண்டுபோய், பின்சீட்டில் அதை மாட்டுறதுக்குன்னு இருக்கிற ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டிப் பாருங்க. மாட்டினதுக்கு அப்புறம் பக்கத்தில் இரண்டு பேர் நிம்மதியா உட்கார முடியுதான்னு பார்க்கணும். எங்க தம்பி குழந்தைக்காகவே ஃபோக்ஸ்வாகன் டைகுன் எடுத்தான். 2022-இல் வண்டியை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கிற குளோபல் என்கேப் அதுக்கும் ஸ்கோடா குஷாக்குக்கும் பெரியவங்க, குழந்தைங்க இரண்டு பிரிவிலும் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அதே வருஷம் பழைய கிரெட்டாவுக்குக் கிடைச்சது மூணு. அது இரண்டு ஏர்பேக் இருந்த காலத்து வண்டி. 2024-இல் வந்த மாடலில் ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. அதையும் விசாரிச்சுட்டு எடுங்க.

சேலம்

எல்லோருக்கும் நன்றி. நெல்லைத் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலூர் ஓட்டத்தில் டிபிஎஃப் சுத்தமாகிவிடும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அது இரண்டு மாதத்துக்கு ஒருதரம், போக வர நானூறு கிலோமீட்டர் சொச்சம். நடுவில் எட்டு வாரமும் எட்டு கிலோமீட்டர் ஓட்டம்தான். அது போதாது.

அதனால் கேள்வியையே மாற்றினேன். வண்டி கிரெட்டாதான், அப்பா கைப்பிடியைப் பிடித்து "இது" என்றபோதே அது முடிந்துவிட்டது. எஞ்சின்தான் பாக்கி. 1.5 பெட்ரோல், சிவிடி (ஒரு வகை ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் உள்ளதைக் கேட்டு, பொள்ளாச்சிக்காரர் சொன்னபடியே ஐந்து பேரும் வீல்சேரோடு ஏற்காடு ஏறினோம். 115 குதிரைத்திறன், 144 நியூட்டன் மீட்டர்தான். டீசலைப் போலத் தானாக ஏறவில்லை, காலை அழுத்தினால் எஞ்சின் இரைச்சலோடு முன்னேறுகிறது. ஆறாவது வளைவு வரை போனோம். எந்த இடத்திலும் மூச்சு வாங்கவில்லை. பையன் தூங்கிவிட்டான், அப்பா பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே வந்தார். மலை ஏறுவது வருஷத்துக்கு இரண்டு தடவை, ஆபீஸ் தினமும். அந்த இரைச்சலை நான் பொறுத்துக்கொள்வேன்.

செலவில் இது தோற்கும் என்று தெரிந்தேதான் எடுக்கிறேன். ஊருக்குள் 13 கொடுத்தால் மாதம் 5,800 ரூபாய் பெட்ரோல். டீசலைவிட 1,200 கூட, ஹைபிரிடைவிட 2,400 கூட. ஆனால் டீசல் ஆட்டோமேட்டிக்குக்கு விலையில் ஒன்றரை லட்சத்தை ஒட்டி அதிகம் கேட்கிறார்கள். மாதம் 1,200 மிச்சம் பிடித்து அதை எடுக்கப் பத்து வருஷம் ஆகும். தமிழ்நாட்டுச் சாலை வரியும் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். அப்பாவுக்கு முதுகு வேர்க்காமல் இருக்க வென்டிலேட்டட் சீட் (காற்று வரும் சீட்) உள்ள மேல் வேரியன்ட்தான் வேண்டும் என்பதால், அந்த 20 லட்சக் கோட்டுக்குள் நிற்பது எங்களுக்கு முக்கியமாக இருந்தது.

சைல்டு சீட்டை மாட்டிப் பார்த்தோம். மனைவி நடுவில், மகள் ஓரத்தில். மனைவிக்குத் தோள் கொஞ்சம் இடிக்கிறது. வேலூர் வரை தாங்கும் என்கிறாள், வழியில் வாணியம்பாடியில் ஒரு டீ குடிக்க நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். டைகுனையும் போய்ப் பார்த்தோம். கதவைச் சாத்தும்போதே கெட்டியாகத் தெரிந்தது, 385 லிட்டர் டிக்கியில் வீல்சேரும் போனது. வாக்கரை மட்டும் வைக்க முடியவில்லை. ஐந்து நட்சத்திர வண்டியை அதற்காக விட்டது மனதை உறுத்துகிறது, மறைக்கவில்லை.

இன்சூரன்ஸை வெளியிலேயே எடுத்துக்கொண்டேன், ஷோரூமில் சொன்ன தொகைக்குக் கணிசமாகக் குறைந்தது. வண்டி வியாழக்கிழமை யார்டுக்கு வருகிறது. பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் போய், டயரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பார்க்கணும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தையும் சொல்லும். பழைய ஸ்டாக்கா என்று அதில் ஓரளவு தெரிந்துவிடும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்தக் கைப்பிடி இந்த வண்டியிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று அவருக்குப் பிடித்துப் பார்க்கணுமாம்.