புதுப்பிப்பு: ஏற்காடு வீட்டு மெட்டல் கூரையில் சொட்டிய தண்ணீர் நின்றது

மார்கழியில் எங்கள் ஏற்காடு வீட்டின் மெட்டல் ஷீட் கூரைக்கு அடியில் விடியற்காலையில் தண்ணீர் சொட்டுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிரச்சினை தீர்ந்துவிட்டது.

கைகொடுத்தது கொடைக்கானல் அண்ணன் சொன்ன வழி: இன்சுலேஷனை (வெப்பத்தடுப்புப் பலகையை) வீட்டுக்குள் ஒட்டாமல், கூரைச் சட்டங்களுக்கு மேலே, ஷீட்டுக்கு அடியில் போடுவது. சொட்டியது மழைநீரே இல்லை என்பதால் ஓட்டை அடைக்கும் சீலன்ட் அடித்துப் பயனில்லை. வீட்டுக்குள்ளிருக்கும் ஈரக்காற்று, இரவில் சில்லிட்டுப்போன தகரத்தைத் தொட்டு நீராகிறது.

பழைய ஷீட்டைக் கழற்றி, சட்டங்களின் மேல் 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் ஒட்டும் மெம்பிரேன் (ஈரம் புகாத விரிப்பு). அப்புறம் 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் போர்டு (வெப்பம் தடுக்கும் கெட்டியான ஃபோம் பலகை) இரண்டு அடுக்கு; கீழ் இணைப்பும் மேல் இணைப்பும் ஒரே கோட்டில் வராமல் தள்ளி வைத்து டேப் ஒட்டினோம். அதற்கு மேல் சரிவு வாக்கில் ரீப்பர் (மெல்லிய சட்டம்), குறுக்கே இன்னொரு வரிசை, கடைசியில் ஷீட். வெளிக்காற்று கூரை விளிம்பில் நுழைந்து, ஷீட்டுக்கும் போர்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக முகட்டில் வெளியேறும்.

தகரத்தின் அடியில் இப்போதும் நீர் படியத்தான் செய்கிறது. டார்ச் அடித்தால் முத்து முத்தாகத் தெரிகிறது. ஆனால் போர்டின் மேல் வழிந்து விளிம்பு வழியாகப் போய்விடுகிறது, வீட்டுக்குள் வருவதில்லை.

எதிர்பாராத நல்லது, மழைச் சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. எதிர்பாராத செலவு, ஸ்குரூ. போர்டைத் தாண்டிச் சட்டத்தைப் பிடிக்கும் 130 மி.மீ. நீளத்தை சேலத்தில் சொல்லிவைத்துத்தான் வாங்க முடிந்தது. கூரை விளிம்புத் திறப்பில் அணில் புகாமல் எஃகு வலை கட்டாயம் வையுங்கள்.