காருக்குள் காலடிக்கு லைட் போட்டேன், ரத்தம் குடிக்கும் அட்டையைப் பார்க்க

பொகவந்தலாவ, ஆல்டோ

காருக்குள் காலடியில் லைட் போடுவதை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள், மழைநாள் இரவில் எங்கள் தோட்டத்து ரோட்டில் ஒருமுறை ஏறி வந்து பார்க்க வேண்டும். போன ஜூனில் அம்மாவை மேல் டிவிஷனிலிருந்து கூட்டி வந்தேன், லயத்திலிருந்து ரோட்டுக்கு வரும் குறுக்குப் பாதை முழுக்க நனைந்த புல். பாதி வழியில் "தம்பி, கால்ல என்னமோ பிசுபிசுங்குது" என்றார். ஓரம் கட்டி கூரை லைட்டைப் போட்டால் மடி தெரிகிறது, முழங்கால் தெரிகிறது, அதற்குக் கீழே எல்லாம் முழங்காலின் நிழல். போனில் டோர்ச் அடித்துப் பார்த்தால் மூன்று அட்டை. ஒன்று கணுக்காலில் குடித்து உருண்டு கிடக்க, மற்ற இரண்டும் ரப்பர் விரிப்பின் விளிம்பில் நின்று தலையைத் தூக்கித் தூக்கி வாடை பிடித்தன. அம்மாவுக்கு அது ஒன்றுமே இல்லை, காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு முப்பது வருடம் கொழுந்தெடுக்கப் போனவர். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அதில் ஒன்று என் கிளட்ச் காலில் ஏறி, நான் வளைவில் குனிந்து பார்த்திருந்தால்?

அந்த வாரமே 12 வோல்ட் எல்இடி பட்டி ஒரு மீட்டர் வாங்கினேன். மூன்று பல்புக்கு ஒருமுறை வெட்டும் கோடு இருக்கும், அந்த இடத்தில்தான் வெட்டலாம். ஆளுக்கு 30 சென்டிமீட்டர், டாஷ்போர்டுக்கு அடியில் பல்பு கண்ணுக்குத் தெரியாமல் வெளிச்சம் மட்டும் கீழே விழுகிற மாதிரி. ஒட்டுவதில் ஒரு பிரச்சினை, நம் ஊர் குளிருக்கும் ஈரத்துக்கும் பட்டியின் பின்னால் இருக்கும் பசை இரண்டே நாளில் விட்டுவிடுகிறது. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, தலைமுடி உலர்த்தியால் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் சூடாக்கி ஒட்டினேன், அப்புறம் இரண்டு முனையிலும் கேபிள் டை. டிரைவர் பக்கம் அது கட்டாயம், பட்டியோ வயரோ தொங்கி பிரேக் பெடலுக்குள் மாட்டக் கூடாது.

நான் தப்புச் செய்த இடம் வயரிங். கூரை லைட்டின் பிளஸ் வயரில் சிவப்பைக் கொடுத்தேன், கறுப்பை பாடியில் ஒரு போல்ட்டில் முடுக்கினேன். கதவைத் திறந்தபடி பார்த்தேன், எரிந்தது, சந்தோஷமாகக் கதவை மூடிவிட்டு வந்துவிட்டேன். நடுப்பகல், நல்ல வெயில், மூடிய பிறகும் எரிந்துகொண்டிருந்தது வெளியிலிருந்து தெரியவே இல்லை. அன்று வெள்ளிக்கிழமை, காரை ஹட்டனில் சித்தி வீட்டு வாசலில் விட்டுவிட்டு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். ஞாயிறு மாலை வந்து சாவியைத் திருப்பினால் டிக் என்ற சத்தம்கூட இல்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், மீட்டருக்கு 60 பல்பு உள்ள அந்தப் பட்டி மீட்டருக்கு 14 வாட் அளவு இழுக்கிறது, என் 60 சென்டிமீட்டருக்கு முக்கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. சின்னதாகத்தான் தெரியும், ஆனால் ஐம்பது மணிநேரத்துக்கு மேல் எரிந்தால் 35 ஆம்பியர் மணி பெட்டரியில் என்ன மிஞ்சும்? இறக்கத்தில் தள்ளிப் பார்த்தோம், அதுவும் சரிவரவில்லை, பெட்ரோல் பம்புக்கும் கரண்ட் வேண்டுமே. பக்கத்து வீட்டு வேனிலிருந்து வயர் போட்டுத்தான் எடுத்தோம்.

விஷயம் இதுதான். என் காரில் கூரை லைட்டுக்கு பிளஸ் எப்போதும் வந்துகொண்டே இருக்கிறது, கதவுத் தூணில் ரப்பர் மூடிய சின்னப் பொத்தான் மைனஸைத்தான் வெட்டுகிறது. அதனால் பட்டியின் கறுப்பு வயர் பாடிக்குப் போகக் கூடாது, அந்தப் பொத்தானிலிருந்து வரும் வயருக்குப் போக வேண்டும். சிவப்பில் 1 ஆம்பியர் பியூஸ் தனியாக. இப்போது எந்த வேலை முடித்தாலும், கதவு திறந்திருக்கும்போதே அந்தப் பொத்தானை விரலால் அழுத்திப் பிடிக்கிறேன். மற்றக் கதவெல்லாம் மூடியிருந்தால் லைட் அணைய வேண்டும், அணையாவிட்டால் வீட்டுக்குள் போகமாட்டேன்.

நுவரெலியா, வேன்

அண்ணே, நான் அதைப் பார்க்கிங் லைட் வயரில் கொடுத்தேன், ஓடும்போதும் எரியட்டும் என்று. வெள்ளை நிறம். ரம்பொடை ஏற்றத்தில் ஒரு இரவு பனிமூட்டம் இறங்கியது, வெளியே ஏற்கெனவே வெள்ளைச் சுவர், அதோடு காலடி வெளிச்சம் கண்ணாடியின் கீழ்ப் பாதியில் திருப்பி அடிக்கிறது, ரோட்டோரக் கோடு எனக்குத் தெரியவில்லை. பார்க்கிங்கை அணைத்தால் ஹெட்லைட்டும் போய்விடும். பின்னால் ஆறு பயணிகள். அந்தப் பயத்தை இன்றுவரை மறக்கவில்லை. ஹசார்ட் போட்டு நிறுத்தி பியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் போனேன். இப்போது கதவு திறந்தால் மட்டும் எரிகிறது, நிறமும் மஞ்சளுக்கு மாற்றிவிட்டேன், ராத்திரி கண்ணுக்கு அது இதம். இன்னொன்று, ஸ்டீயரிங்குக்குக் கீழே மஞ்சள் உறை போட்ட வயர் கண்டால் கை வைக்க வேண்டாம், அது ஏர்பேக் வயர். நம் வயரிங் பாஸ்மாரில் சிலர் அதிலும் டெஸ்டர் குத்துகிறார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

பண்டாரவளை, ஜப்பான் ரீகண்டிஷன் கார்

எனக்குக் கதவை மூடிய பிறகும் பட்டி மினுக்கட்டாம்பூச்சி மாதிரி லேசாக மின்னியது. இந்தக் கார்களில் கூரை லைட்டை ஒரு கண்ட்ரோல் பெட்டிதான் இயக்குகிறது, அணைத்த பிறகும் அதிலிருந்து கொஞ்சம் கரண்ட் கசிகிறது, பழைய பல்புக்கு அது போதாது, எல்இடிக்குப் போதும். பட்டியின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்ததும் நின்றுவிட்டது. கூரை லைட் மெதுவாக மங்கி அணைவதைப் போல இதுவும் சேர்ந்து மங்குகிறது, பார்க்க அழகு. ஆனால் கசிவு அதுதானா, வேறு எங்காவது பெட்டரி இறங்குகிறதா என்று அளந்து பார்க்க என்னிடம் மீட்டர் இல்லை.

பொகவந்தலாவ, ஆல்டோ

தம்பி, வருகிற ஞாயிறு அம்மாவோடு பண்டாரவளைக்கு வருகிறேன், மீட்டரையும் கொண்டு வருகிறேன். காரைப் பூட்டி அரைமணிநேரம் விட்டு அளக்க வேண்டும், நடுவில் கதவைத் திறந்தால் லைட் எரிந்து அளவு கெடும், அதனால் பானட்டை மட்டும் பூட்டுவதற்கு முன்பே திறந்து வையுங்கள்.