புதுப்பிப்பு: டர்பன் கடலோரப் பெட்டிக்கு எந்த அலுமினியம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடலோரமாக இருக்கும் பிளஃப் பக்கத்து பம்ப் கண்ட்ரோல் பெட்டிகளுக்கு 1.6 மி.மீ. 5052-எச்32 (ஒரு அலுமினியக் கலவை வகை) தகடு போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். "6061-டி6 இன்னும் உறுதியாச்சே, அதையே மடிக்கலாமே?" என்று பலர் கேட்டதால் இது. (6061 இன்னொரு கலவை; டி6 என்பது சூடாக்கிக் கடினமாக்கிய நிலை.)

மடிக்காதீர்கள். 5052-ஐத் தகட்டின் கனம் அளவே உள்வளைவின் ஆரமாக வைத்து தாராளமாக மடிக்கலாம். டி6 அதே வளைவில் வெளிப்பக்கம் மயிரிழையாக வெடிக்கும். பவுடர் கோட்டிங் அதை மறைத்துவிடும். உப்புக்காற்று உள்ளே போய்ப் பெயிண்ட் கொப்பளிக்கும்போதுதான் தெரியும். வெல்டு வைத்தாலோ, சூடுபட்ட இடத்தில் டி6-இன் பலம் பெருமளவு குறைந்துவிடும். மிஷினில் கடைந்து செய்யும் பேக் பிளேட்டுக்கு (பெட்டிக்குள் கருவிகளைப் பொருத்தும் பின்தகடு) 6061 அருமையான சரக்கு, அங்கே வையுங்கள்.

வார்ப்புப் பெட்டியானால் எல்எம்6 என்ற வார்ப்பு அலுமினியக் கலவையைக் கேட்டு வாங்குங்கள். எல்எம்24 வார்க்கச் சுலபம், ஆனால் அதில் 3 சதவீதத்துக்கு மேல் செம்பு. கடலோரத்தில் அந்தச் செம்பே அரிப்பைக் கூப்பிடும்.

அனோடைஸ் படலம் (அலுமினியத்தின் மேல் மின்வேதி முறையில் வளர்க்கும் ஆக்சைடு பூச்சு) மின்சாரம் கடத்தாது என்பதைப் பலர் மறக்கிறார்கள். எர்த் ஸ்டட் (எர்த் வயரை மாட்டும் திருகுத் தண்டு) இடத்தில் பளபளக்கும்வரை சுரண்டி, ஜாயிண்ட் காம்பவுண்ட் (இணைப்புப் பசை) தடவி, வெள்ளீயம் பூசிய செம்பு லக்கை (வயர் முனையில் மாட்டும் வளையம்) இறுக்குங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் வெறும் பித்தளையில் வேண்டாம். நிக்கல் பூசியது, நைலான் வாஷரோடு. ஆர்மர் கேபிளில் (உலோகக் கவசம் உள்ள கேபிள்) அந்த வாஷர் எர்த் தொடர்பை அறுக்கும், எனவே கிளாண்டில் எர்த் டேக் (எர்த் வயர் மாட்டும் உலோக வளையம்) போட்டு ஸ்டட்டுக்கு வயர் இழுப்பது கட்டாயம்.

தென்னாப்பிரிக்காவின் ம்புமலாங்கா மாகாணத்து நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்துக்கு எந்தப் பெட்டி என்று கேட்டவருக்கு: அங்கே எஃகுதான். துருப்பிடித்த இரும்பில் அலுமினியம் உரசினால் மீத்தேனைப் பற்றவைக்கும் பொறி பறக்கும்.